நடுவில் ஒரே ஒரு சீட்

ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்துச் செருப்பால் அடி என்று ஒரு பழமொழி இருக்கிறது. யாரோ ஒரு மாப்பிள்ளை மற்ற மாப்பிள்ளைகளுக்காகக் கட்டிவிட்டதாகத்தான் இருக்கும். ஆடிக்குத் தாய்வீடு போன பெண்ணை ஆவணி பிறந்தும் திரும்ப அழைக்காத மாமியாரை எதனால் அடிப்பது என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. எனக்கு அது தேவைப்பட்டது.

வைகாசியில் எனக்குக் கல்யாணம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு அழைத்து வந்தார்கள். ஒரு மாதத்துக்கு வேண்டிய துணிமணி மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆவணி பிறந்தது. யாரும் வரவில்லை. அம்மா நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சம்பந்திக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"இன்னா அவசரம் சம்பந்தி? வண்டி ரெடியாவட்டும். பொண்ணும் வண்டியும் ஒண்ணா வந்து எறங்கினா பாக்க எவ்ளோ லட்சணமா இருக்கும்!"

"ஆமாமா, அதுவும் சரிதான்" என்று அம்மா போனை வைத்தாள். என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா? உங்க நைனா சட்டுனு முடிச்சிட்டா நீ சட்டுனு போயிடலாம்" என்றாள். மாவு அரைத்து வாங்கி வருகிற வேலையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வண்டி என்று அவர்கள் சொன்னது ஒரு காரை. அதுவும் சாதாரணக் கார் இல்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற ஸ்போர்ட்ஸ் கார். அதைக் கேட்டது மாப்பிள்ளை வீடு என்று நினைத்தால் தப்பு. வாக்குக் கொடுத்தது என் நைனா. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நிச்சயதார்த்தத்தில் பையனின் சித்தப்பா ஒருவர், "எங்க பையனுக்கு கார்னா உசுரு" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் "அப்படிங்களா, ரொம்ப நல்லது" என்று வெற்றிலைத் தட்டை நகர்த்தியிருப்பான். என் நைனா லாரிக்கு பாடி கட்டுகிறவர். எளாவூர் போகிற வழியில் ஹைவேயை ஒட்டி அவருடைய ஷெட், அதற்குப் பின்னாலேயே எங்கள் வீடு. செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கிற லாரிகளில் தன் கையால் கட்டியது எது எது என்று தூரத்திலிருந்தே காட்டுவார். சபை கூடியிருக்கிறது, மேலே புதுச் சட்டை, எதிரே சம்பந்தி வீட்டார். வாய் சும்மா இருக்குமா?

"கடையில விக்கிற கார் இன்னாத்துக்கு? டப்பு இருந்தா எவன்னா வாங்குவான். மாப்ளைக்கு நானே கையால கட்டித் தரேன். இந்த ஜில்லாவுலயே இன்னொருத்தன்கிட்ட இருக்காது."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். கார்களுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. நாளெல்லாம் காரின் துண்டுகளைத் தொட்டுத் தொட்டு அனுப்புகிறவரிடம் முழுக் காரைத் தருகிறேன் என்றால் முகம் எப்படி ஆகும்? அப்படி ஆனது. அன்றைக்கு அவர் என்னைப் பார்த்ததைவிட நைனாவைப் பார்த்ததுதான் அதிகம். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். எனக்குப் புருஷனாக இருந்ததைவிட அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக இருந்தவர்தானே.

வெட்கம் கெட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வைகாசிக்கும் ஆடிக்கும் நடுவில் கிடைத்த கொஞ்ச நாளில் நன்றாகவே பிடித்துப்போனது. சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். வேலை விட்டு வரும்போது மூன்று முறை பூ வாங்கி வந்திருக்கிறார். ராத்திரி தூக்கத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குவார். இதெல்லாம் போதாதா ஒரு புதுப் பெண்ணுக்கு? நான் திரும்பிப் போக ஆசைப்பட்டேன். வண்டி முடிந்தால்தான் போக முடியும் என்றால், வண்டி முடியட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் இஞ்சின். நைனா பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய காரின் அடிச்சட்டத்தையும் அதன் காகிதங்களையும் பிடித்து வந்தார். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் புது வண்டி ரோட்டில் ஓட வேண்டும். அது எப்படிச் செல்லும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பழைய காரின் இஞ்சினையே கழற்றிச் சுத்தம் செய்து, முன்பக்கம் உட்காரவைத்து, புரட்டாசி முடிவதற்குள் ஓடவிட்டுவிட்டார். ஷெட்டில் அது உறுமின அன்று என் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். தீபாவளிக்கு மணவாள நகரில் இருப்பேன் என்று கணக்குப் போட்டேன்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, இலையில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டு எழுந்ததும் அவர் கேட்டது, "மாமா, ஷெட்டுக்குப் போலாமா?" நானும் பின்னாலேயே போனேன். நைனா சாவியைத் திருப்பினார். மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாமா. சத்தம் தையல் மிஷின் மாரி கீது."

என் நைனாவிடம் இப்படிப் பேசினவர்கள் யாரும் அடுத்த வார்த்தை பேசினதில்லை. லாரி ஓனர்களையே வாசலோடு அனுப்புகிறவர் அவர். முகம் சிவந்ததைப் பார்த்தேன். அப்புறம் மாப்பிள்ளை போனை எடுத்து ஏதோ வெளிநாட்டு வண்டியின் படத்தைக் காட்டினார். இஞ்சின் முன்னால் இல்லை, ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வண்டியின் கனம் நடுவில் விழுந்தால் வளைவில் இழுக்காது என்றார். நைனா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்தார், பார்த்தார், அரைமணி நேரம் பார்த்தார். இரண்டு பேரும் தீபாவளிப் புதுத் துணியோடு வண்டிக்கு அடியில் புகுந்து அளவெடுத்தார்கள். மாப்பிள்ளை வேட்டியில் கிரீஸ் ஒட்டியது. அம்மா அதைப் பார்த்து, "நம்ம ஊட்டுப் புள்ள மாரி ஆயிட்டாரு" என்று கண் கலங்கினாள்.

சாயங்காலம் அவர் கிளம்பும்போது வாசலில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"நான் எப்போ வர்றதுங்க?"

"வேற இஞ்சின் வந்துட்சின்னா மீதி வேலை சீக்கிரம் ஆயிடும்" என்றார். எனக்குப் பதில் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார்.

ஓடிக்கொண்டிருந்த இஞ்சினைக் கழற்றி மூலையில் போட்டார்கள். விபத்தில் நொறுங்கின ஒரு பெரிய காரின் இஞ்சினைத் தேடி நைனா அலைந்தார். கிடைக்க மார்கழி ஆயிற்று. அதைப் பின்னால் உட்காரவைக்க அடிச்சட்டத்தையே வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. பொங்கலுக்கும் நான் இங்கேதான். தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனால், "இன்னாடி, ஆடிக்கு வந்த பொண்ணு அடுத்த ஆடியையும் இங்கியே பாத்துடுவே போலக்கீதே" என்று ஒருத்தி கேட்டாள். குடத்தை அவள் கால் மேல் வைத்தேன். நிறைந்த குடம். அதற்குப் பிறகு முகத்துக்கு நேரே கேட்பதை நிறுத்திவிட்டு முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள்.

மாப்பிள்ளை ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தார். காலையில் பைக் சத்தம் கேட்டதும் அம்மா, "மூஞ்ச கழுவி பொட்டு வெச்சிக்கினு வா" என்பாள். நான் வைத்துக்கொண்டு வருவதற்குள் அவர் ஷெட்டில் இருப்பார். மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாக வந்து ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவார்கள். நான் பரிமாறுவேன். பேச்செல்லாம் போல்ட், நட்டு, பைப். எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்களே, அந்த எலிப்புழுக்கை நான். சாப்பிட்டு எழும்போது, "குழம்பு நல்லா இருந்துச்சி" என்பார் மாப்பிள்ளை. அதையும் அம்மாவிடம்தான் சொல்வார்.

மாசியில் சஸ்பென்ஷன் சண்டை. லாரிக்காரரான நைனாவுக்கு அடுக்கடுக்கான இரும்புப் பட்டைதான் ஸ்பிரிங். அதைத்தான் பின்னால் மாட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை பார்த்ததும் சிரித்துவிட்டார். கண் மூடிக்கொண்ட அதே சிரிப்பு.

"மாமா, இதுல இன்னா நெல்லு மூட்டையா ஏத்தப் போறோம்?"

நைனா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சண்டை வந்தால் வரட்டும், நைனா கோபத்தில் "இருக்கறத ஓட்டிக்கினு போ, இவளையும் இட்டுக்கினு போ" என்று கத்திவிட்டால் நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு என்ன நடந்தது தெரியுமா? ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் சுருள் ஸ்பிரிங் என்று, மாப்பிள்ளை போனில் காட்டியதை அப்படியே இரும்பில் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தார் நைனா. அதற்குப் பெயர் டபுள் விஷ்போனாம். இந்த வயதில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை அந்தக் கையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து நைனாவைக் கட்டிப்பிடித்தார். கல்யாணமாகி அத்தனை மாதத்தில் அவர் யாரையாவது பகல் வெளிச்சத்தில் கட்டிப்பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உள் அலங்காரம் மட்டும் என் கைக்கு வந்தது. எனக்குத் தையல் தெரியும். மாப்பிள்ளைக்கு ரெக்ஸின் ஆகாது, தோல்தான் வேண்டும், அதுவும் அரக்குக் கலரில். பெரியமேட்டிலிருந்து நைனா தோல் வாங்கி வந்தார். இரண்டு சீட்டுக்கும் நான்தான் உறை தைத்தேன். தோல் தைப்பது ஜாக்கெட் தைப்பது போல இல்லை, ஊசி ஒருமுறை இறங்கினால் இறங்கினதுதான், பிரித்துத் தைத்தால் ஓட்டை தெரியும். விரல் நுனியெல்லாம் பொத்துப்போனது. ஓட்டுகிறவர் சீட்டை ஒழுங்காகத் தைத்தேன். பக்கத்துச் சீட்டை ஆசையாகத் தைத்தேன். தலை சாய்க்கிற இடத்தில் இரண்டாக மடித்து மெத்தென்று வைத்தேன். பூ வைத்த தலை நசுங்காமல் இருக்கப் பின்னால் ஒரு குழிவு விட்டேன். இப்போது நினைத்தால் என் தலையை நானே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பங்குனியில் ஒரு ஞாயிறு. வண்டிக்கு மேல்கூடு இன்னும் முழுதாகப் போடவில்லை, ஆனால் ஓடியது. மாப்பிள்ளை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். "வா, ஏறு" என்றார். என்னைத்தான். அம்மா ஓடிவந்து தலையில் இரண்டு முழம் மல்லியை வைத்து அமுக்கினாள். நான் தைத்த சீட்டில் உட்கார்ந்தேன். சிப்காட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பெனிகளின் தகரச் சுவர், வேப்ப மரத்து இலையெல்லாம் கறுத்துக் கிடக்கும். அது எனக்கு ஊட்டி மாதிரி இருந்தது. அவர் அடிக்கடி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கன்னத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டேன்.

ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தினார். "கொஞ்சம் எறங்கு" என்றார். இறங்கினேன். என்னை விட்டுவிட்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். "ஏறு." ஏறினேன். இன்னொரு சுற்று. "எறங்கு." மூன்றாவது முறைதான் புரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்துச் சக்கரத்தின் மேல் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்திருக்கிறார். ஷெட்டுக்குத் திரும்பியதும் இறங்கிப் போய் நைனாவிடம் சொன்னார்:

"இவ உக்காந்தா லெஃப்ட் எறங்குது மாமா. எறக்கி வுட்டா ரைட் எறங்குது. ரெண்டுத்துக்கும் ஒரே ஸ்பிரிங் செட் ஆவாது."

"அவள திரும்ப ஏத்தி ஒருவாட்டி பாக்கலாமா?"

"வேணாம் மாமா, ஆடிக்கினே கீறா. சரியா தெரியல."

அதற்கடுத்த ஞாயிறு என் சீட்டில் மணல் மூட்டை உட்கார்ந்தது. மூட்டை ஆடாது, முடி ஒதுக்காது. கயிறு போட்டுக் கட்டினார்கள். மணல் கொட்டித் தோல் கெட்டுப்போகும், கீழே ஒரு சாக்காவது விரியுங்கள் என்று நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மூட்டை என் சீட்டில் சிப்காட்டையே சுற்றி வந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்கு அந்த மூட்டை மேல் எனக்கு வந்த பொறாமையை இன்றைக்கும் என்னால் யாரிடமும் விளக்க முடியாது.

சித்திரையில் முடிவு வந்தது. நான் டீ எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். நைனா தரையில் சாக்பீஸால் வண்டியை வரைந்து குந்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எதிரே முழங்காலில். இரண்டு பேர் மூக்கும் முட்டிக்கொள்ளும் போலிருந்தது.

"மாப்ள, நீங்க தனியாத்தான ஓட்டப் போறீங்க? மூட்டைய ஏத்திக்கினேவா சுத்த முடியும்?" என்றார் நைனா. "சீட்ட நடுவுல கொண்டாந்துட்டா இன்னா? ஸ்டீரிங்கும் நடுவுல. ஓட்றவன் நட்டநடுவுல. இந்தப் பக்கம் பெட்ரோல் டேங்க்கு, அந்தப் பக்கம் பேட்டரி. நாலு சக்கரமும் சமமா நிக்கும்."

மாப்பிள்ளை சாக்பீஸ் ஒட்டின நைனாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எப்டி மாமா இது எனக்குத் தோணாமப் போச்சு!"

அது நைனாவின் யோசனை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். மாப்பிள்ளை கேட்டிருந்தால் பரவாயில்லை, மாமியார் தூண்டிவிட்டிருந்தால் பரவாயில்லை, ஊரில் நடக்காததா. என்னைப் பெற்றவர் தரையில் படம் போட்டு, சந்தோஷமாக, என்னை அழித்தார். என் மேல் கோபமா? சத்தியமாக இல்லை. அந்த வண்டி எதற்காகக் கட்டப்படுகிறது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

"அப்ப நான் எதுல போறது நைனா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். நைனா உண்மையிலேயே யோசித்தார்.

"நீ பஸ்ல போயிடேன். பெரியபாளையம் வழியா போனா நேரா திருவள்ளூர்தான்."

மாப்பிள்ளை சிரித்தார். "கார்ல ஏறினாலே வாந்தி எடுப்பா மாமா இவ." கல்யாணமான புதிதில் திருத்தணிக்குப் போகும்போது ஒருமுறை வாந்தி எடுத்திருந்தேன். என்னைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருந்தது அது ஒன்றுதான்.

டீயைக் கொடுக்கவில்லை. தட்டோடு திருப்பிக் கொண்டுவந்து வாசல் சாக்கடையில் ஊற்றினேன். என் கோபம் அவர்களுக்கு உறைக்கும் என்று வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அரைமணி கழித்து நைனாவின் குரல் வந்தது: "டீ இன்னாம்மா ஆச்சு?"

அம்மாவிடம் அழுதேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். "மாமனாரும் மாப்ளையும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்காத ஊடு எத்தினி கீது. இவங்க ஒத்துமையா கீறாங்க. அத்த நெனச்சி சந்தோசப்படுவியா, சீட்டு சீட்டுன்னு பேஜாரு பண்ணிக்கினு" என்றாள். நான் தைத்த பக்கத்துச் சீட்டைக் கழற்றி ஷெட் ஓரமாகப் போட்டார்கள். வெல்டிங் அடிக்கிறவர் அதில் சாய்ந்து உட்கார்ந்து பீடி பிடித்தார். தலை வைக்கிற இடம் நன்றாக இருக்கிறது என்று என்னிடமே சொன்னார்.

வண்டி வைகாசியில் முடிந்தது. அரக்கு சீட்டுக்குப் பொருத்தமாக வெளியே சாம்பல் கலர். அழகில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவ்வளவு அழகு. கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். மாமியாரும் வந்திருந்தாள். என் பெட்டி காலையிலேயே கட்டி வீட்டு வாசலில் தயாராக இருந்தது. கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் மாமியார் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

"இது யாரு பொட்டி?"

"எம் பொண்ணுது சம்பந்தி" என்றாள் அம்மா.

"அய்யோ, இன்னிக்கு வண்டிக்குத்தான் நாள் பாத்தோம். பொண்ணுக்குப் பாக்கலியே. ஒண்ணொண்ணா இட்டுக்கினு போலாம், இன்னா இப்ப?"

ஒன்றாக வந்து இறங்கினால் லட்சணமாக இருக்கும் என்று சொன்ன அதே வாய். எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஒரு எலுமிச்சம்பழத் தோல் டயரில் ஒட்டியிருந்ததை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஏறி, நட்டநடுவில் உட்கார்ந்து, கிளப்பினார். ஹைவே ஏறி அந்தச் சத்தம் மறைகிறவரை நைனா ரோட்டில் நின்றார். திரும்பி வரும்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்னை வழியனுப்பும்போது அவர் சமையல்காரரிடம் பாத்திரக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார், அழவில்லை. பெட்டியை நானே உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் திசை மாறின. மாப்பிள்ளை வருவது நின்றது. நைனா போனார். புது வண்டி, அடிக்கடி பார்க்க வேண்டுமாம். டூல்ஸ் பையைப் பைக்கில் மாட்டிக்கொண்டு காலையில் போனால் இருட்டும்போது வருவார். அங்கேயே சாப்பாடு. முகத்தில் ஒரு புது வெளிச்சம். கைகால் கழுவும்போது பக்கத்தில் போய் நின்று கேட்பேன்.

"என்னப் பத்தி கேட்டாரா நைனா?"

"கேட்டாரு, கேட்டாரு" என்பார் சோப்பு போட்டுக்கொண்டே. "பின்னாடி ஸ்பிரிங்க இன்னும் கொஞ்சம் இறுக்கலாமான்னு கேட்டாரு."

மறுபடியும் ஆடி நெருங்கியது. இந்த முறை யாரும் அழைக்க வேண்டிய வேலையே இல்லை, பெண் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறாள். ஒரு ஞாயிறு நைனா பையை மாட்டும்போது நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டேன். "நீ எங்க?" என்றார். "எம் புருஷன் ஊட்டுக்கு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பைய மடியில வெச்சிக்கோ, ஸ்பேனரு குத்தும்" என்றார். வழியெல்லாம் குத்தியது.

மணவாள நகர் வீட்டில் முன்பக்கம் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். கீழே கார். மாமியார் வாசலுக்கு வந்து, "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க" என்றாள். என்னைப் பார்த்ததும், "நீயும் வந்தியா? சரி. உள்ள தயிர் கீது, மோர் கரைச்சி எடுத்துக்கினு வா. ஆம்பளைங்க வெயில்ல கீறாங்க" என்றாள். சண்டை போடுவாள் என்று தயாராக வந்திருந்தேன். அவள் என்னைச் சண்டைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மோர் கரைப்பதற்கு முன் எங்கள் அறைக்குள் போனேன். அலமாரியில் என்னுடைய தட்டில் ஆயில் டப்பாக்கள், சாம்பல் கலர் பெயிண்ட் மீதி, ஒரு ஹெட்லைட். துணிகளைக் காணோம். மோர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவற்றில் ஒன்றைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் காட்டன் புடவை, நான்காகக் கிழிந்து, மாப்பிள்ளை கையில் இருந்தது. அவர் கார் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தூக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்த முந்தானை அதிலேதான் இருந்தது.

"என் பொடவைங்க அது" என்றேன்.

கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கள்ளம் ஒன்றுமே இல்லை. "பழசுதான? நல்ல காட்டன். வேற துணி எதுவா இருந்தாலும் பெயிண்ட கீறுது" என்றார். அப்புறம் மோர் டம்ளர் இரண்டையும் என் கையிலிருந்து வாங்கினார். பெரிய டம்ளரை எடுத்து, ஒரு தூசியை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, குனிந்து வண்டிக்கு அடியில் படுத்திருந்த நைனாவிடம் நீட்டினார்.

"மொதல்ல குடிங்க மாமா. சைலன்சர் சூடு, கைய வெச்சிடாதீங்க."

அந்த அக்கறையை நான் முழுதாக நின்று பார்த்தேன். எனக்கு அவர் ஒருநாளும் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. அந்தக் கல்யாணத்தில் கட்டிக்கொண்டு போனது என் நைனாவை. கூடவே சீராகப் போனவள் நான். சீர் சாமான் ஒன்று பரணில் கிடந்தால் யார் தேடுவார்கள்? அவர் மோரைக் குடித்துவிட்டு, துண்டு ஒன்றை விரித்து, நைனாவுக்குப் பக்கத்தில் தானும் வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டார். நாலு கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள்.

வண்டிக்கு அடியில் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

"நான் கெளம்பறேன். இனிமே இந்த ஊட்டுக்கு வர மாட்டேன். கேக்குதா நைனா? இனிமே வரவே மாட்டேன்."

"சரிம்மா, சரி" என்றது நைனாவின் குரல். "அந்த பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக் குடுத்துட்டுப் போ."

பையைத் திறந்து தேடினேன். வண்டிக்கு அடியிலிருந்து முழங்கை வரை கிரீஸ் அப்பின கை ஒன்று வெளியே நீண்டு விரலை ஆட்டியது. நைனாவின் கையா, அவருடைய கையா என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஸ்பேனரை அதில் வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.